ஆறு பேர் வாழும் வீடு: கலிபோர்னியாவின் சிறு முதியோர் இல்லங்களும் ஆண்டு ஆய்வும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 60 வயதைக் கடந்தோர் கட்டணம் செலுத்தித் தங்கி, உணவும், குளித்தல், உடுத்தல், மருந்து உட்கொள்ளல் முதலான அன்றாடச் செயல்களில் துணையும் பெறும் இடங்களை மாநிலச் சட்டம் முதியோர் உறைவிடப் பராமரிப்பு இல்லம் என்று வகைப்படுத்துகிறது. உரிமம் பெற்ற இத்தகைய இல்லங்கள் அங்கு 7,000க்கும் மேல் உள்ளன. நூற்றுக்கு மேற்பட்டோர் தங்கும் பெருங்கட்டடங்களும் அவற்றுள் உண்டு என்றாலும், எண்ணிக்கையில் மிகுந்தவை 6 பேருக்கு மேல் தங்க இடமில்லாத சாதாரண வீடுகளே. புறநகர்த் தெருவில் மற்ற வீடுகளோடு வரிசையில் நிற்கும் இவற்றுக்குப் பெரும்பாலும் பெயர்ப்பலகை இராது; அங்கு ஓர் இல்லம் நடப்பதை அண்டை வீட்டாரே அறியாதிருப்பதும் உண்டு. துறையினர் ‘சிக்ஸ் பெட்’ என்றும் பொதுமக்கள் ‘போர்டு அண்ட் கேர்’ என்றும் அழைக்கும் இவ்வீடுகளில் ஆண்டுதோறும் நடைபெறும் பாதுகாப்பு ஆய்வு எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்க இயலாமல் விடுகிறது, அதன்மீது சட்டம் எவ்வளவு பாரத்தை ஏற்றியிருக்கிறது என்பனவே இச்சொற்பொழிவின் பொருள்.

இவ்வில்லங்களை அமெரிக்க வழக்கில் நர்சிங் ஹோம் எனப்படுவனவற்றிலிருந்து பிரித்தறிய வேண்டும். நர்சிங் ஹோம் என்பது அங்கு செவிலியர் பராமரிப்பு நாள் முழுதும் கிடைக்கும் நிறுவனம். நடுவண் அரசின் மருத்துவ நிதி அதற்குச் செல்வதால், ஒவ்வொன்றும் 15 மாதங்களுக்குள் ஒருமுறையேனும் ஆய்வு செய்யப்பட வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் விதித்தது. உறைவிட இல்லங்களோ மருத்துவம் சாராதவை; அவற்றுக்கான செலவைப் பெரும்பாலும் முதியவரோ அவர் பிள்ளைகளோ தம் கைப்பணத்திலிருந்து தருகின்றனர்; எனவே நடுவண் அரசின் நேரடிக் கண்காணிப்பு அங்கு எட்டுவதில்லை. 1976இல் கான்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த மக்களவை உறுப்பினர் மார்த்தா கீஸ் கொண்டுவந்த திருத்தம், ஏழை முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் உரிய நடுவண் உதவித்தொகை பெறுவோர் கூட்டாகத் தங்கும் இல்லங்களுக்கு மாநிலங்கள் தரவிதிகள் வகுக்க வேண்டும் என்று கூறியது. ஆனால் விதிகளை மீறிய இல்லத்துக்கு அத்திருத்தம் வகுத்த தண்டனை, அங்குத் தங்கியிருந்த ஏழையின் உதவித்தொகையைக் குறைப்பதாக அமைந்தது. குற்றம் ஓரிடத்திலும் அபராதம் வேறிடத்திலும் விழும் இவ்வேற்பாடு நடைமுறையில் பயன்படாமற் போனதில் வியப்பில்லை. பொறுப்பு முழுவதும் மாநிலங்களிடமே தங்கியது. கலிபோர்னியா 1985இல் முதியோர் இல்லங்களுக்கெனத் தனிச்சட்டம் இயற்றி, அதைச் செயற்படுத்தும் பணியை நலவாழ்வுத் துறையிடம் அல்லாமல் சமூகப் பணிகள் துறையின் உரிமப் பிரிவிடம் ஒப்படைத்தது.

ஆறு என்னும் எண் சட்டத்தில் தற்செயலாக வந்தமர்ந்ததன்று. அமெரிக்க நகரங்களில் எந்தத் தெருவில் குடியிருப்பு அமையலாம், எங்கே வணிகம் நடக்கலாம் என்பதை உள்ளூராட்சியின் நிலப்பயன்பாட்டு விதிகள் முடிவு செய்கின்றன. தங்கள் தெருவில் முதியோர் இல்லம் வருவதை எதிர்க்கும் குடியிருப்போருக்கு இவ்விதிகள் வலுவான கருவியாக இருந்தன. அதை முறியடிக்கும் பொருட்டு, 6 பேரோ அதற்குக் குறைவானோரோ தங்கும் இல்லத்தை ஒரு குடும்பம் வாழும் வீடாகவே கருத வேண்டும் என்றும், மற்ற வீடுகளுக்கு இல்லாத தனி அனுமதி எதையும் உள்ளூராட்சி அதனிடம் கேட்கலாகாது என்றும் மாநிலச் சட்டம் கட்டளையிட்டது. முதியவர் தாம் வாழ்ந்த தெருவைப் போன்ற ஒரு தெருவிலேயே, தோட்டமும் சமையலறை மணமும் உள்ள ஒரு வீட்டில் இறுதிக்காலத்தைக் கழிக்க முடிந்தது இக்கட்டளையின் நற்பயன்; அதைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. எனினும் வீடு என்று ஒருமுறை பெயர்சூட்டிய பின், வீட்டுக்குரிய தளர்வுகளும் ஒவ்வொன்றாக அதனுள் நுழைந்தன. 16க்கும் குறைவானோர் தங்கும் இல்லத்தில், தகுதியுடைய ஒருவர் இரவில் அழைத்தவுடன் வரும் நிலையில் வளாகத்துக்குள் இருந்தாற்போதும் என்பது பொதுவிதி. பணியாளர் விழித்தே இருக்க வேண்டும் என்ற பொதுக் கட்டாயம் 16 பேரிலிருந்துதான் தொடங்குகிறது. மறதிநோய் உடைய ஒருவருக்கு இரவு விழிப்பு தேவை என்று சேர்க்கையின்போது மதிப்பிடப்பட்டால் மட்டுமே சிறு வீட்டிலும் ஒருவர் கண்விழித்திருக்க நேர்கிறது. அளவு குறையும்போது ஆபத்தும் குறைகிறது என்னும் எண்ணம் இத்தளர்வுகளுக்கு அடியில் கிடக்கிறது. நள்ளிரவில் கழிப்பறைக்கு எழுந்து கால் தடுக்கி விழும் மூதாட்டிக்கு, அவ்வீட்டில் 6 பேர் உறங்குகிறார்களா 60 பேர் உறங்குகிறார்களா என்பதால் இடுப்பெலும்பின் வலிமை கூடுவதில்லை. பெரிய இல்லத்தில் விழித்திருக்கும் பணியாளர், உடன் தங்கியிருப்போர், இடையறாது வந்துபோகும் உறவினர் ஆகியோர் தம்மையறியாமலே செய்யும் காவலைச் சிறு வீட்டில் செய்ய ஆளில்லை. அந்த இடத்தை நிரப்ப வேண்டியதாகச் சட்டம் விட்டுவைத்திருப்பது, முன்னறிவிப்பின்றி வரும் ஆய்வாளரை மட்டுமே.

ஆய்வாளர் கதவைத் தட்டும் நாள் இல்லத்தாருக்கு முன்கூட்டித் தெரிவிக்கப்படுவதில்லை. அடையாள அட்டையைக் காட்டி உள்ளே நுழைந்ததும் அவர் முதலில் வீட்டைச் சுற்றி நடக்கிறார். அந்நடையிலேயே அளவிடத்தக்கவை பெரும்பாலும் அளவிடப்பட்டு விடுகின்றன. ஓர் அறையில் இருவருக்கு மேல் உறங்கலாகாது. ஓர் அறை மற்றோர் அறைக்கு வழியாக அமையக்கூடாது. பணியாளரையும் சேர்த்து 6 பேருக்கு ஒரு கழிப்பறை வேண்டும். கழிப்பறையிலும் குளியலறையிலும் கைப்பிடிக் கம்பிகளும், குளிக்குமிடத்தில் வழுக்காத விரிப்பும், இரவில் நடைவழியில் சிறு விளக்கும் இருக்க வேண்டும். கெட்டுப்போகும் உணவுப்பொருள் 2 நாளுக்கும் கெடாதவை 7 நாளுக்கும் இருப்பில் உள்ளனவா என்று குளிர்பதனப் பெட்டியும் அலமாரியும் திறந்து பார்க்கப்படுகின்றன. மருந்துகள் பூட்டிய இடத்தில் இருக்கின்றனவா, மறதிநோய் உடையோர் எடுத்துவிடும்படி கத்தியும் துப்புரவுத் திரவமும் வெளியே கிடக்கின்றனவா என்பதும் இந்நடையில் அடங்கும்.

இவற்றுள் குழாய் வெந்நீரைச் சோதிப்பது வெளிப்பார்வைக்கு மிக அற்பமான செயலாகத் தோன்றும். ஆய்வாளர் குழாயைத் திறந்து, நீர் சூடேறும்வரை காத்திருந்து, வெப்பமானியை நீட்டுகிறார். அளவு 105 முதல் 120 பாரன்ஹீட் பாகைக்குள், அதாவது ஏறத்தாழ 41 முதல் 49 செல்சியசுக்குள், இருக்க வேண்டும். இதன் பின்னணி தீப்புண் மருத்துவத்தில் உள்ளது. 120 பாரன்ஹீட் நீர் தோலின் முழு ஆழத்தையும் வேகச் செய்ய 5 நிமிடமளவு ஆகிறது. 140 பாகையில் அதற்கு 6 வினாடியே போதும். இவை திடமான உடலுடைய நடுவயதினருக்கான கணக்குகள். தோல் மெலிந்து, நீரிழிவால் உணர்ச்சி மங்கி, சுட்டாலும் உடனே நகர முடியாத முதியவருக்கு இக்கெடு மேலும் சுருங்குகிறது. மறுபுறம் 105 என்னும் கீழெல்லையும் பொருளற்றதன்று. வெந்நீர் வராத வீட்டில் முதியவர் குளிப்பதைத் தவிர்ப்பார், பின்னர் அது தோல் நோயாகவும் சிறுநீர்த் தொற்றாகவும் வெளிப்படும். அற்பமென்று பலர் சிரிக்கும் இவ்வாய்வுப் பட்டியலின் வரிகளிற் பல, எங்கோ ஒருவர் பட்ட புண்ணின் தடம் என்று கொள்வதே பொருந்தும்.

தீப்பாதுகாப்பு குறித்த விதிகள் இதனினும் நுட்பமானவை. இல்லத்தில் தங்குவோரைச் சட்டம் மூவகையாகப் பிரிக்கிறது. ஆபத்து வேளையில் பிறர் துணையின்றித் தாமே வெளியேறக்கூடியவர் முதல் வகை. அவ்வாறு வெளியேற இயலாதவர் இரண்டாம் வகை. சக்கர நாற்காலியையோ வாக்கரையோ ஊன்றுகோல்களையோ நம்பி நடப்பவரும், கால்கள் வலுவாக இருந்தும் தீ எச்சரிக்கை மணியின் பொருளை உணர முடியாத அளவு மனம் தளர்ந்தவரும் இவ்வகையிற் சேர்வர். படுக்கையில் புரண்டு படுக்கவும் துணை வேண்டுபவர் மூன்றாம் வகை. எந்த வகையினர் எத்தனை பேர் எந்த அறையில் தங்கலாம் என்று தீயணைப்புத் துறை வீட்டுக்கு இசைவு வழங்குகிறது. படுத்த படுக்கையானவரைச் சேர்த்துக்கொண்டால் 48 மணி நேரத்துக்குள் அத்துறைக்கு அறிவிக்க வேண்டும். இங்கே எழும் சிக்கல் யாதெனில், இசைவு ஒருமுறை வழங்கப்படுகிறது, முதுமையோ நாள்தோறும் நகர்கிறது. தாமே நடப்பவர் என்று மருத்துவர் சான்றளித்துச் சேர்ந்தவர், ஒன்றரை ஆண்டு கழித்து வாக்கரை ஊன்றத் தொடங்கியிருப்பார். கோப்பில் அவர் இன்னும் முதல் வகையினராகவே இருப்பார். அவர் உறங்கும் அறைக்கு அவ்வகையினருக்கான இசைவே இருக்கும். கோப்பைப் படித்துவிட்டு அறைக்குச் சென்று, படுக்கையருகே சாய்த்து வைக்கப்பட்ட வாக்கரைக் கண்டு, இரண்டையும் பொருத்திப் பார்க்கும் ஆய்வாளரே உண்மையில் ஆய்வு செய்பவர். தீயணைப்பான் கருவியின் காலாவதித் தேதியை மட்டும் குறித்துக்கொண்டு போகிறவர், சுவரில் தொங்கும் ஒரு பொருளைப் பார்த்தவரேயன்றி வீட்டைப் பார்த்தவரல்லர்.

2017 அக்டோபரில் வடகலிபோர்னியாவின் சான்ட்டா ரோசா நகரை டப்ஸ் காட்டுத்தீ சூழ்ந்த இரவில், அங்கிருந்த பெரிய முதியோர் இல்லங்களில் பணியாளர் சிலர் வெளியேறிவிட, முதியோரை உறவினரும் மீட்புப் படையினரும் வெளியேற்ற நேர்ந்தது; வண்டி இருந்தும் அதன் சாவி எங்கே என்று இரவுப் பணியாளருக்குத் தெரியவில்லை என்பது மாநிலத் துறை பின்னர் முன்வைத்த குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அடுத்த ஆண்டு நிறைவேறிய சட்டம், வண்டிச் சாவி எந்நேரமும் பணியிலிருப்போர் கைக்கு எட்ட வேண்டும் என்றும், ஒவ்வொரு பணிமுறையினருக்கும் காலாண்டுக்கு ஒருமுறை அவசரகாலப் பயிற்சி நடத்த வேண்டும் என்றும், பேரிடருக்குப் பின் 72 மணி நேரம் இல்லம் வெளியுதவியின்றித் தாங்கும் வகையில் திட்டம் இருக்க வேண்டும் என்றும் விரித்துரைத்தது. இவ்விதிகள் சிறு வீட்டுக்கும் பொருந்தும். ஆனால் பணிமுறை என்ற ஒன்றே இல்லாமல், ஒரே பராமரிப்பாளர் பகலிலும் இரவிலும் அங்கேயே தங்கி உழைக்கும் வீட்டில், ஒவ்வொரு பணிமுறைக்கும் ஒரு பயிற்சி என்பது பதிவேட்டில் ஒரு கையொப்பமாகச் சுருங்கிவிடும் இடர் இருக்கிறது.

ஆய்வின் எல்லை புலப்படுவது இவ்விடத்தில்தான். இச்சிறு வீடுகளில் பலவற்றை நடத்துவோரும் அவற்றில் உழைப்போரும் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து குடியேறியவர்கள். உடன் தங்கி உழைக்கும் பராமரிப்பாளர் உறக்கமின்றியும் உரிய கூலியின்றியும் வேலை வாங்கப்பட்ட வழக்குகள் தொழிலாளர் துறையின் முன் பலமுறை வந்துள்ளன. கூலியும் வேலைநேரமும் தொழிலாளர் துறையின் வேலை, முதியவரின் பாதுகாப்பு உரிமப் பிரிவின் வேலை என்று அரசாணை பிரித்து வைத்திருக்கிறது. களைத்த கையே மருந்தை மாற்றிக் கொடுக்கிறது, களைத்த கண்ணே இரவு அழைப்பொலிக்கு விழிக்காமற் போகிறது என்பதை எந்தத் துறையின் பட்டியலும் தனி வரியாகக் கேட்பதில்லை. ஆய்வாளர் பகலில் வருகிறார். அவர் பார்ப்பது பணிநேர அட்டவணை என்னும் தாள். பகற்பொழுதின் வீட்டை அளந்து இரவுப்பொழுதின் வீட்டுக்குச் சான்று வழங்கும் இம்முறையின் குறையை, தாள்களைக் கூட்டுவதால் போக்க முடியாது. பேச்சினால் ஓரளவு போக்கலாம். தங்கியிருப்போரையும் பணியாளரையும், உரிமதாரரின் முன்னிசைவு பெறாமலே, தனியே அழைத்து வினவ ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு. இரவில் கூப்பிட்டால் யார் வருகிறார்கள், எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள் என்னும் இரு வினாக்களுக்குக் கிடைக்கும் விடை, வெப்பமானி காட்டாததைக் காட்டும். ஆனால் 6 பேர் வீட்டில் யார் என்ன சொன்னார் என்பதை ஊகிக்க உரிமதாரருக்கு நீண்ட நேரம் ஆகாது. அந்த அச்சம் முதியவரின் நாவைக் கட்டும். நடுவண் சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலத்திலும் இயங்கும் முதியோர் குறைகேள் அலுவலரும் அவர்தம் தன்னார்வலரும் இவ்விடத்தில் பயன்படுகின்றனர். அவர்கள் குறைபாடு எழுதவோ அபராதம் விதிக்கவோ அதிகாரமற்றவர்கள், முதியவரின் இசைவின்றி அவர் சொன்னதை வெளியிடாதவர்கள். அதிகாரமின்மையே அவர்களிடம் வாய்திறக்கச் செய்கிறது என்று சொன்னால் தவறாகாது.

இவ்வளவு பொறுப்பைச் சுமக்கும் ஆய்வு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை நிகழ்ந்தது என்று பார்க்கும்போது, மாநிலத்தின் கவனம் எவ்வளவு தளர்ந்திருந்தது என்பது விளங்கும். 2003இல் நிதி நெருக்கடியைக் காரணங்காட்டி ஆண்டு ஆய்வு கைவிடப்பட்டது; சிக்கலுக்குள்ளான இல்லங்கள் நீங்கலாக, மற்றவற்றுள் ஆண்டுதோறும் ஒரு பங்கு மட்டும் குலுக்கல் முறையில் தேர்ந்து பார்க்கப்படும், எந்த இல்லமும் 5 ஆண்டுக்கு மேல் பார்க்கப்படாமல் விடப்படாது என்று விதி மாற்றப்பட்டது. இவ்வகை இல்லத்தில் சேர்ந்த முதியவர் பலர் அங்கு வாழும் காலமே 5 ஆண்டுக்குக் குறைவு என்பதை எண்ணினால், ஓர் ஆய்வாளரின் முகத்தையும் காணாமலே ஒருவர் சேர்ந்து, நலிந்து, இறந்துபோக இவ்விதி இடந்தந்தது எனலாம். பின்னர், முழுப் பட்டியலுக்கு மாற்றாக, சில முதன்மைக் குறிகளை மட்டும் பார்த்து மற்றவற்றை ஊகிக்கும் சுருக்கப் பட்டியல் ஒன்றும் கையாளப்பட்டது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே பானையில் ஒரே அனலில் வெந்த சோற்றுக்குப் பொருந்தும். மருந்துப் பூட்டு சரியாக இருப்பதிலிருந்து படுக்கைப்புண் சரியாகப் பார்க்கப்படுகிறது என்று ஊகிக்க வழியில்லை. இத்தனைக்கும் ஆழ்ந்த படுக்கைப்புண் உடையவரை, இறுதிக்கால ஆறுதல் சிகிச்சை போன்ற விலக்குகள் தவிர, இவ்வில்லங்கள் வைத்திருக்கவே கூடாது என்று விதி தடுக்கிறது. 2015இல் ஆய்வு இடைவெளியைப் படிப்படியாகக் குறைக்கும் சட்டம் வந்தது. 2017இல் 3 ஆண்டு, 2018இல் 2 ஆண்டு என்று இறங்கி, 2019 தொடக்கம் முதல் முதியோர் இல்லங்களுக்கு மீண்டும் ஆண்டு ஆய்வு கட்டாயமாயிற்று. 16 ஆண்டுகள் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்த இவ்வாய்வு, மறு ஆண்டே பெருந்தொற்றால் காணொளி வழி நடக்க நேர்ந்தது காலத்தின் முரண்.

கண்டறியப்பட்ட குறைபாடுகளை ஆய்வாளர் இரு தரமாகப் பிரிக்கிறார். முதியவரின் உடல்நலத்துக்கோ உயிருக்கோ உடனடி ஆபத்து விளைப்பன ‘ஏ’ தரம்; சரிசெய்யாவிடில் ஆபத்தாக முற்றக்கூடியன ‘பி’ தரம். ஒவ்வொன்றையும் எந்நாளுக்குள் எவ்வாறு சரிசெய்வது என்று உரிமதாரருடன் அங்கேயே அமர்ந்து பேசி எழுதி, அறிக்கையின் படி கையளிக்கப்படுகிறது. அவ்வறிக்கை பொதுமக்கள் பார்வைக்குரியது. அபராதம் நெடுங்காலம் பெயரளவில்தான் இருந்தது: குறைபாடு ஒரு முதியவரின் இறப்புக்கே காரணமானாலும் 150 டாலர் விதிக்கப்பட்டதை 2013இல் நாளிதழ்கள் வெளிக்கொணர்ந்தன. அடுத்த ஆண்டு இயற்றிய சட்டம் இறப்புக்கான அபராதத்தை 15,000 டாலராக உயர்த்தியது.

அபராதத்துக்கு அப்பால் துறையிடம் இருக்கும் கடைசிக் கருவி உரிமத்தை நிறுத்தி இல்லத்தை மூடுவது. அதன் விளைவு எவ்வாறும் முடியலாம் என்பதை 2013 அக்டோபரில் காஸ்ட்ரோ வேலி ஊரில் நடந்தது காட்டியது. அங்கிருந்த, 6 பேர் அளவினும் பெரிய ஓர் இல்லத்தை மூடத் துறை ஆணையிட்டது. சம்பளம் கிடைக்காத பணியாளர்கள் வெளியேறினர். பத்துக்கு மேற்பட்ட முதியோர் உள்ளேயே விடப்பட்டனர். அந்த வார இறுதியில் அவர்களுக்கு உணவும் மருந்தும் தந்து, உடல் துடைத்துப் பார்த்துக்கொண்டவர்களில் முதன்மையானோர் இல்லத்தின் சமையற்காரரும் துப்புரவுப் பணியாளருமே. பின்னர் ஷெரீப் துறையினரும் தீயணைப்புப் படையினரும் வந்து அனைவரையும் மாற்றினர். ஆய்வு குறையைச் சரியாகவே கண்டிருந்தது. கண்ட பின் என்ன செய்வது என்பதற்குத்தான் ஏற்பாடில்லை. அதன்பின் வந்த 2014ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்கள், பொறுப்புள்ள ஒருவர் 24 மணி நேரமும் இல்லத்தில் இருக்க வேண்டும் என்று விதித்ததோடு, உடனடி ஆபத்து நேரும்போது இல்லத்தை மூடாமல் தற்காலிக மேலாளரை அமர்த்தி நடத்தும் அதிகாரத்தையும் துறைக்கு அளித்தன. முதியவரை இடம் மாற்றுவதே அவருக்கு ஒரு நோய் என்பதை அறிந்த மருத்துவர்கள் இவ்வேற்பாட்டின் அருமையை உணர்வர்.

உரிமதாரர் தாமே உரிமத்தைக் கைவிட்டு இல்லத்தை மூடும்போதோ, ஒவ்வொரு முதியவருக்கும் 60 நாள் எழுத்து முன்னறிவிப்பும் அவர் அடுத்துத் தங்கத்தக்க இடம் எத்தகையது என்னும் மதிப்பீடும் தரவேண்டும் என்று சட்டம் கோருகிறது. இது எல்லா இல்லத்துக்கும் பொது. மூடும் திட்டத்தை முழுமையாக எழுதித் துறையின் ஒப்புதலைப் பெற்ற பிறகே முதியோரை இடம் மாற்றத் தொடங்கலாம் என்னும் கூடுதல் காப்பு, இடம் மாற்றப்படுவோர் 7 பேரோ அதற்கு மேற்பட்டோரோ ஆகும்போது மட்டுமே நடைமுறைக்கு வருகிறது. 6 பேர் வாழும் வீட்டுக்கு அது இல்லை.